வெளிநாட்டில் இருந்துகொண்டு நெல்லையில் அறை பிடிப்பது எப்படி?

சித்தி மகன் ஷார்ஜாவிலிருந்து அனுப்பிய படத்தில் அறை அழகாகத்தான் இருந்தது. வெள்ளை டைல்ஸ், தேக்கு நிறக் கட்டில், ஜன்னலுக்குப் பச்சைத் திரை. தியாகராஜநகரில் மாடி அறை, மாதம் 5,000 ரூபாய், அட்வான்ஸ் 15,000. பணத்தை அனுப்பியும் விட்டான். “சாவியை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள் அக்கா” என்று சொல்வதற்குத்தான் என்னை அழைத்தான். படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன். அடுப்பு மேடைக்கு மேலே ஒரு நாள்காட்டி தொங்கியது. அதில் இருந்தது மலையாள எழுத்து. கேரளத்துக் குடும்பம் யாராவது முன்பு குடியிருந்திருப்பார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு முகவரியைத் தேடிப் போனேன். அந்தக் கதவு எண்ணில் ஒரு தையல் கடை இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.

“பணம் வாங்கியவர் நம் ஊர்ப் பேச்சுத்தான் பேசினார் அக்கா. அண்ணாச்சி, அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பணம் போனதைவிட அதுதான் அவனுக்கு ஆறவில்லை. சித்தியின் சிகிச்சைக்காக மூன்று மாதம் தங்க அறை தேடியவன். அன்றிலிருந்து வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் பாளையங்கோட்டையில், டவுனில், பெருமாள்புரத்தில் அறை பார்த்துக் கொடுத்துவருகிறேன். அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருந்தால் நாம் எப்படி வீடு பிடிப்போம்? தெருமுக்குப் பலசரக்குக் கடையில் கேட்போம், பால்காரரிடம் கேட்போம், எதிர் வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவோம். நாலு பேர் வாயில் விசாரிக்காமல் யாரும் பால் காய்ச்சுவதில்லை. கடல் கடந்து போனதும் அந்த விசாரணையை மட்டும் விட்டுவிட்டு, படத்தையும் ஊர்ப் பேச்சையும் நம்பிவிடுகிறோம். அங்கே இருந்துகொண்டே அந்த விசாரணையைச் செய்துமுடிக்க வழி இருக்கிறது.

முதல் வேலை: அங்கே நிற்க ஓர் ஆள்

நம் ஆள் ஒருவர் அந்த அறைக்குள் நின்று பார்க்கும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ‘டோக்கன் அட்வான்ஸ்’ ஆயிரம் ரூபாய்கூட வேண்டாம். “இன்று மாலைக்குள் போடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்” என்று சொன்னால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள். நெல்லையில் அறைக்கு அப்படி ஒன்றும் பஞ்சம் வந்துவிடவில்லை.

சொந்தக்காரர் இல்லாவிட்டால் கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்ப்பவரின் வீட்டார், சேரப்போகிற கல்லூரியின் மூத்த மாணவர்கள் என்று யாரையாவது பிடியுங்கள். யாருமே இல்லையென்றால் வெளிநாட்டில் இருந்தபடி அறையை முடிக்க வேண்டாம். ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் மூன்று நாள் தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொண்டு வந்து, நேரில் பார்த்து முடியுங்கள். லாட்ஜ் வாடகை வீண் செலவு என்று தோன்றும். என் தம்பி இழந்த தொகையை நினைத்தால் அது பெரிதில்லை.

ராணுவத்தில் இருக்கிறேன், காஷ்மீரில் பணி, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று ஒருவர் பேசினால் உடனே துண்டித்துவிடுங்கள். நாடு முழுக்க நடக்கும் பழைய ஏமாற்று அது. ‘அட்வான்ஸைச் சரிபார்க்க இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள், உங்களுக்குப் பணம் வரும்’ என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

எந்தப் பகுதியில் தேடுவது

வெளியில் இருப்பவர்கள் ‘திருநெல்வேலி’ என்று ஒரே பெயராகச் சொல்கிறோம். தாமிரபரணிக்கு மேற்கே டவுனும் ஜங்ஷனும், கிழக்கே பாளையங்கோட்டையும் என இது இரட்டை ஊர். எங்கே அறை என்பதை நீங்கள் தினமும் எங்கே போகப்போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். சேவியர், ஜான்ஸ், சாராள் தக்கர் கல்லூரிகளும் சித்த மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டையில் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஹைகிரவுண்டில் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ டவுனையும் தாண்டி மேற்கே அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிறவர், அமைதியான இடம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாளையங்கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் கே.டி.சி. நகரில் அறை எடுத்தால், தினமும் ஊரை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்.

பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜநகர், தியாகராஜநகர், சாந்திநகர் எல்லாம் குடும்பங்கள் நிறைந்த குடியிருப்புப் பகுதிகள். தனியாக வருகிறவர்களுக்கும் மாடி அறை கிடைக்கும். டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளில் பழைய வளவு வீடுகள் இருக்கின்றன. ஒரே வாசலுக்குள் நாலைந்து குடித்தனம் இருக்கும். தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், உட்கார்ந்தால் யார் வருகிறார், யார் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு அது தொந்தரவு. தனியாக இருக்கப்போகிற வயதான அம்மாவுக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறு இல்லை என்பது என் எண்ணம். அவர் ஒருநாள் காலையில் கோலம் போட வரவில்லை என்றால் பக்கத்துக் குடித்தனத்தார் வந்து கதவைத் தட்டுவார்கள். ஆனால் அங்கே கழிப்பறை பொதுவா, தனியா என்று கேட்காமல் முடிக்காதீர்கள்.

ஆற்றையும் குளத்தையும் மறக்க வேண்டாம்

வெளிநாட்டில் இருந்து தேடுகிறவர்கள் கேட்க மறந்துவிடுகிற கேள்வி ஒன்று உண்டு: “2023இல் இங்கே தண்ணீர் வந்ததா?” அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை கடந்தது. ஜங்ஷன் சுற்றுவட்டாரமும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலக வளாகமும் வெள்ளத்தில் நின்றன. மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை என ஆற்றை ஒட்டிய பகுதிகளில் தரைத்தள அறை என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, தெருவில் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

ஜங்ஷன் பக்கம் ஓர் அறையைப் பார்க்கப் போயிருந்தேன். சுவரெல்லாம் இளமஞ்சள். இடுப்பளவுக்குக் கீழே மட்டும் மஞ்சள் கொஞ்சம் புதிதாக, கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. கையால் தடவினேன், பழைய சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பூசி மெழுகியிருந்தது தெரிந்தது. கதவைத் திறந்து நிலையின் அடிப்பக்கம் பார்த்தேன். மரம் ஊதி வெடித்திருந்தது. “மழை என்றால் ஊரெல்லாம்தானே தண்ணீர் நிற்கும்?” என்றார் வீட்டுக்கார அம்மா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் அவரும் நிறைய இழந்தவர். ஆனால் கைக்குழந்தையோடு வருகிற குடும்பத்துக்கு நான் அந்த அறையைச் சொல்லவில்லை. சுவரில் வண்ணம் அடித்து ஏமாற்றிவிடலாம், கதவு நிலையின் அடிப்பாகம் ஏமாற்றாது. உங்கள் ஆளை அங்கே குனிந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயரையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். புதிய பஸ் நிலையம் இருக்கும் இடத்துக்கு வேய்ந்தான்குளம் என்று பெயர். குளம் என்று முடிகிற இடத்தில் மழைக்காலத்தில் தெரு எப்படி இருக்கும் என்பதை விசாரித்துவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் நமக்குப் பெருமழை.

அறையைப் பார்க்கும் முறை

உங்கள் ஆள் போகும்போது காணொளி எடுக்கச் சொல்லுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது. அங்கே இருப்பவர்கள் பதிவு செய்து அனுப்பச் சொன்னால் போதும். காணொளி தெருமுனையில் தொடங்க வேண்டும். தெருப் பெயர்ப் பலகை, வாசல், கதவு எண், மாடிப்படி, அறை எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமாக வரவேண்டும். துண்டு துண்டாக வந்தால் எந்தத் துண்டு எந்த வீட்டினுடையது என்று உங்களுக்குத் தெரியாது.

உள்ளே போனதும் முதலில் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். தாமிரபரணி ஓடுகிற ஊர்தான்; ஆனாலும் ஆற்றுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணி நேரம் வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். புதிதாக உருவான நகர்களில் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருக்கின்றன. அந்தத் தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்துக் குடித்துப் பார்த்தால் உப்பா நல்ல தண்ணீரா என்பது தெரிந்துவிடும். மேல்நிலைத் தொட்டி யார் பொறுப்பில் இருக்கிறது, மோட்டார் போடுவது யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாடிக் குடித்தனத்துக்கும் கீழ் வீட்டுக்கும் சண்டை மூளுவது பெரும்பாலும் இதில்தான்.

அடுத்தது கதவு. உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, கொண்டி ஆடுகிறதா, வெளியே சொந்தப் பூட்டுப் போட வசதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாடி அறைகளில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரே தாவலில் வந்துவிட முடிகிற ஜன்னல்கள் இருக்கும். கம்பி இருந்தால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளியலறைக்குப் போய்வர வெளிப்படி வழியாக இறங்க வேண்டியிருந்தால், பெண்கள் தனியாகத் தங்குவதற்கு அந்த அறை வேண்டாம்.

வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நெல்லையைப் பற்றிச் சொன்னதாகாது. மொட்டை மாடியில் தனியாகக் கட்டிய ஒற்றை அறைகளுக்கு வாடகை குறைவாக இருக்கும். ஏப்ரல், மே மதியம் மூன்று மணிக்கு அந்தக் கான்கிரீட் கூரைக்குக் கீழே மின்விசிறி அனலைத்தான் இறக்கும். உங்கள் ஆளை மதியத்தில் ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் போகச் சொல்லுங்கள். மதியத்தில் சூடு தெரியும், இரவில் தெருவிளக்கும் நடமாட்டமும் தெரியும். இங்கே இரவு எட்டு என்றால் துபாயில் ஆறரை, சிங்கப்பூரில் பத்தரை. நீங்களும் கூடவே தொலைபேசி அழைப்பில் இருக்கலாம்.

வீட்டுக்காரர்தான் வீட்டுக்காரரா?

அறை இருப்பது உறுதியானதும், கொடுப்பவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்க வேண்டியவை இரண்டு ரசீதுகள்: மின் கட்டண ரசீது, மாநகராட்சிச் சொத்து வரி ரசீது. அவற்றில் உள்ள பெயரும், பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பல வீடுகளில் மின் இணைப்பு மறைந்துபோன அப்பாவின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அது தவறில்லை, அப்போது வரி ரசீதையும், வாரிசு என்பதற்கான சான்றையும் காட்டச் சொல்லுங்கள். ரசீது கேட்டதும் கோபப்படுகிறவரிடம் பிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. “வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறார்கள், பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்” என்று அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒத்திக்கு எடுப்பவர்கள் இதோடு நிற்கக் கூடாது. மாத வாடகை கிடையாது, ஒரே தொகையாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம், காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வரும் என்பது ஒத்தி. வெளிநாட்டில் இருப்பவர் கையில் தொகை இருக்கும் என்று தெரிந்து இதைத்தான் முதலில் நீட்டுவார்கள். என்னைக் கேட்டால் ஊருக்கு வராமல் ஒத்தி பேசவே வேண்டாம் என்பேன். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், கடன் கட்டாதபோது வங்கி வந்து நிற்கும். உங்கள் பணம் நடுவில் மாட்டிக்கொள்ளும். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம்; பதிவான அடமானம் அதில் தெரியும். பார்த்த பிறகும் எடுக்கத்தான் வேண்டும் என்றால், வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு விடாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

ஒப்பந்தமும் பணமும்

தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. சண்டை வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க முடியாது. ஆனால் நடைமுறையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பவர்களும் உண்டு, ‘எழுத்து எதற்கு, நமக்குள்ளே’ என்பவர்களும் உண்டு. எழுத்து இல்லாமல் நுழையாதீர்கள்.

ஒப்பந்தத்தில் நாம் சேர்க்கச் சொல்ல வேண்டியது சில வரிகள்தான். அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்த எத்தனை நாளில் திரும்ப வரும், வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, கீழ் வீட்டு மீட்டரிலிருந்து இழுத்த துணை மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு. துணை மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு தருகிற 100 யூனிட் சலுகை உங்கள் கைக்கு வராது; அதை மனத்தில் வைத்து விலை பேசுங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற ஆதாரைத் தரவிறக்கிக் கொடுக்கலாம். எந்த நகலாக இருந்தாலும் குறுக்கே ‘வாடகை அறைக்காக மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். அறையைப் பார்ப்பதற்கு முன்பே கடவுச்சீட்டு நகல் கேட்பவருக்குக் கொடுக்கவே கூடாது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசிய, இலங்கைத் தமிழர்கள் அதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அது தெரியாத வீட்டுக்காரர்கள் நிறைய; தெரியாமல் விட்டால் சிக்கல் இரண்டு பேருக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வாடகையைச் சொல்வதற்கு முன் “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்கும் வீடுகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி புரியாது, புரியும்போது வலிக்கும். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதைக் கேட்ட வீட்டை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கேட்காத வீடுகளும் அதே தெருவில் இருக்கின்றன, அவற்றில் ஆட்களைக் குடிவைத்திருக்கிறேன்.

பெண்கள் தனியாக வந்தால்

முதல் சில மாதங்களுக்கு விடுதிதான் என் யோசனை. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்; எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். காப்பாளர் இரவில் அங்கேயே தங்குகிறாரா, வாசல் எத்தனை மணிக்கு அடைபடும், ரயில் தாமதமாகி இரவு வந்தால் திறப்பார்களா என்று கேளுங்கள். ஏற்கெனவே தங்கியிருக்கும் ஒரு பெண்ணிடம், காப்பாளர் பக்கத்தில் இல்லாதபோது ஐந்து நிமிடம் பேச முடிந்தால் வேறு விசாரணையே தேவையில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள். மற்றதை அவளே சொல்வாள்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள். இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணை ஊரில் இருப்பவரை அழைக்கச் சொல்லுங்கள்; நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். என் தம்பி நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் அந்தக் கணக்கில் பணம் இல்லை.

வந்து இறங்கும் நாள்

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் வழியாக வருகிறார்கள். அகால நேரத்தில் போய்ச் சாவி வாங்க வேண்டாம். வெளிச்சத்தில் அறைக்குள் போகும்படி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். சாவி கைக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் நான்கு சுவர், கூரை, கழிவறை, மீட்டரில் ஓடியிருக்கும் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். காலி செய்யும்போது, ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு உங்கள் அட்வான்ஸில் யாரும் கைவைக்க முடியாது. பிறகு இறங்கிப் போய் ஒரு புதுப் பூட்டு வாங்குங்கள். வாங்கும்போதே முக்குக் கடையில் “இந்த வீட்டு மாடிக்குப் புதிதாக வந்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.